சக்கரம் இல்லாத பக்கம்

ஈரக் கையால் தொட்டால் கைபேசித் திரை சொன்னபடி கேட்காது. உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும்; எது விரல், எது துளி என்று திரைக்குத் தெரியாது. செயலிகளைச் செய்பவர்கள் இதை யோசிப்பதில்லை.

நேரில் கேட்டால் எனக்கு வார்த்தை வராது, ஐயா. அதனால் வாக்குமூலத்தை எழுதித் தருகிறேன்.

நுரைச்சோலையில் எங்கள் கரையில் எல்லோரும் பாவித்தது ஒரே வானிலைச் செயலி. உலகம் முழுக்கப் பிரபலமானது. திறந்ததும் சக்கரம் சுற்றும். பிறகு விளம்பரம் வரும். அதை மூடும் குறி கடுகளவு. தவறித் தொட்டால் சூதாட்டப் பக்கம் திறக்கும். பக்கத்து வீட்டு ஸப்ராஸ் நானா, படகு வைத்திருந்தவர், ஒருநாள் அப்படி மாட்டிக்கொண்டு கைபேசியை என்னிடம் நீட்டினார்.

"பள்ளிவாசலுக்கு முன்னுக்கு நிண்டு தொறந்தன் புள்ள. சூதுக்காரன்ட பாட்டுப் போடுது. மௌலவி பாத்த பார்வையில நான் செத்தன்."

நான் விஞ்ஞானப் பட்டதாரி. வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்தேன். சிறிய இணையப் பக்கமொன்று செய்தேன். விளம்பரம் இல்லை, வரைபடம் இல்லை. கடலுக்குப் போகலாம் என்றால் திரை முழுக்கப் பச்சை. கூடாது என்றால் சிவப்பு.

முதல் வடிவம் மெதுவானது. யார் திறந்தாலும் வானிலை அறிவிப்பைப் போய் எடுத்து வரும். அதுவரை சக்கரம் சுற்றும்.

"உன்ட பேஜ் தொறக்கிறத்துக்குள்ள நான் கற்பிட்டிக்குப் போய் மீன வித்துப்போட்டு வந்திடுவன்," என்றார் ஸப்ராஸ் நானா, வேலிக்கு மேலால். அவருடைய மனைவி நிஃப்லா ராத்தா சிரித்தார். நானும் சிரித்தேன். அன்றே சக்கரத்தை எடுத்துவிட்டேன்.

எடுத்த விதம் எளிது. கடைசியாக வந்த நிறத்தைச் சேமித்துவைத்து, எல்லோருக்கும் அதையே காட்டினேன். நான் ஒரு பொத்தானை அழுத்தினால் மட்டும் புதிய அறிவிப்பு வரும். நிறத்துக்குக் கீழே நேரத்தையும் போட்டேன். அது பார்ப்பவரின் கைபேசி நேரம். அறிவிப்பின் நேரம் என்று நான் எங்கும் எழுதவில்லை.

பக்கம் தொட்டதும் திறந்தது. கரை முழுவதும் அதற்கு மாறியது. கடைக்குப் போனால் "பேஜ் புள்ள வருது" என்றார்கள். நான் தலையைக் குனிந்துகொள்வேன், ஆனால் பிடித்திருந்தது. சில நாட்கள் நான் பொத்தானை அழுத்தவில்லை; நிறம் பழையதாகவே இருந்தது. கடல் அமைதியாக இருந்ததால் ஒருவரும் கவனிக்கவில்லை. தாமதத்தைப் பற்றி முன்பு முறைப்பாடு வந்தது. பிழையைப் பற்றி வரவே இல்லை. மக்களுக்கு எது முக்கியம் என்பதை அதிலிருந்து விளங்கிக்கொண்டேன்.

சோளகக் காற்று தொடங்கிய காலையில் வானிலைத் திணைக்களத்தின் தளத்தில் சிவப்பு அறிவிப்பு வந்திருந்தது. நான் அதைக் கண்டேன். சுபஹு தொழுதுவிட்டு எல்லோரும் பக்கத்தைத் திறக்கும் நேரம். அப்போது பொத்தானை அழுத்தினால், புதியது வரும்வரை அத்தனை திரைகளும் வெறுமையாகக் கிடக்கும். நெரிசல் குறையட்டும் என்று இருந்தேன்.

ஸப்ராஸ் நானா எரிபொருள் கானோடு வேலியருகே வந்தார்.

"காத்து ஒரு மாதிரி அடிக்கிது புள்ள. பேஜில பச்சை. போகேலுந்தானே?"

கூடாது என்றால், பக்கம் பழையது என்று சொல்ல வேண்டும். அவர் அதைக் கரையில் சொல்வார். எல்லோரும் பழைய செயலிக்கே திரும்பிவிடுவார்கள்.

"ஓம் நானா," என்றேன்.

"பொறகென்ன. படிச்ச புள்ள நீ சொன்னாச் சரி," என்று போனார்.

மற்றப் படகுகள் காற்றைப் பார்த்துப் பாதியில் திரும்பின. அவர் திரும்பவில்லை. கான் மட்டும் கரை ஒதுங்கியது.

தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். சிவப்பு என்று தெரிந்துகொண்டே ஓம் என்றேன்.

நிஃப்லா ராத்தா இப்போதும் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கிறார். விடியும்போது, அசர் தொழுகைக்குப் பிறகு, இடையிலும். கடல் எப்படி இருக்கிறது என்று அவருக்குத் தெரிய வேண்டியிருக்கிறது. நேற்று அவருக்காக முதல் வடிவத்தை மீண்டும் ஏற்றினேன். உண்மையான அறிவிப்பு வந்தது. ஆனால் அதற்கு முன் சக்கரம் சுற்றியது. அவர் அதைப் பார்த்தபடி நிற்பார் என்று நினைத்ததும் மனம் கேட்கவில்லை. உடனே அதை எடுத்துவிட்டு, சேமித்த நிறத்தையே திரும்பப் போட்டேன். அவரைக் காத்திருக்க வைக்கும் அளவுக்கு நான் கல்நெஞ்சுக்காரி இல்லை.