ஊதாக் கல்

தரமணியில் ஏறிய இரண்டு நண்பர்களில் ஒருவர் ரயிலில் உட்காரவே இல்லை.

"ஆயுத பூஜைக்கு வூடு கழுவுறேன்னு, மாமியா என் மீன் தொட்டி கல்லையெல்லாம் தேங்கா நாரு போட்டு தேய்ச்சுட்டாங்க மச்சி."

"பாசி போச்சுல்ல? நல்லதுதான?"

"அந்த ஊதாப் பாசி வரத்தான்டா உப்புத் தண்ணில ஒரு வருசமா கால்சியம் ஊத்திக்கினு கீறேன்! தொட்டிக்குள்ள இன்னும் ஒரு கல்லுதான் தேய்க்காம மிச்சம். அதுலேர்ந்துதான் மத்ததுக்குப் பரவணும்."

உடனே போன் போட்டார். "அத்தே, அந்த ஊதாக் கல்ல மட்டும் தேய்க்காதீங்க. அது... சாமி கல்லு." வைத்துவிட்டுச் சிரித்தார். "வுட்டுட்டாங்க!"

"சாமி கல்லுன்னு சொல்லிட்டல்ல? இப்ப பாலாபிஷேகம் பண்ணுவாங்க பாரு."

"டேய், தொட்டில மீனு கீதுடா!"

மறுபடி போன் போட்டார். மந்தைவெளி வரை மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.