உயர்சிலுவைக்கு அளவெடுத்த சிவபாதம் அண்ணைக்கு

அன்பில் உயர்ந்தவரே, அளவில் தவறாதவரே, இருபத்தாறு ஆண்டுகளாக எங்கள் அருங்காட்சியகத்தின் கனத்த பொருள்களைக் கீறல் படாமல் நிறுத்தித் தந்த சிவபாதம் அண்ணை அவர்களே,

வணக்கம். இன்று மாலை ஐந்து மணியோடு நீங்கள் ஓய்வு பெறுகிறீர்கள். அதற்கு வெகு முன்னரே இம்மடலை வாசித்து முடிக்க வேண்டும் என்ற பதற்றத்தோடுதான் தொடங்குகிறோம். காரணத்தைப் பிறகு சொல்கிறோம்.

பனிக்காலத்திலும் அஜின்கோர்ட்டிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்து, தூக்கும் சங்கிலிகளைக் கையால் தடவிப் பார்த்தவர் நீங்கள். பிழை கண்டால் ஏசாமல், ஒருமுறை செருமியவர் நீங்கள். அந்தச் செருமலுக்கே நாங்கள் ஒன்பது பேரும் அசையாமல் நின்றுவிடுவோம். அயர்லாந்தின் பழைய துறவு மடமொன்றில் ஆயிரம் ஆண்டுக்கு மேலாக நிற்கும், இருபக்கமும் சிற்பம் செதுக்கிய கற்சிலுவையின் பிளாஸ்ரர் வார்ப்பு, பதினொரு துண்டுகளாக வந்திறங்கியபோது, பீடம், தண்டு, வட்ட வளையம், உச்சியில் சிறு வீடு போன்ற மூடி என ஒவ்வொன்றையும் அளந்து, எண்ணிட்டு, பொருத்தும் முறையை எழுதி வைத்த பெருந்தகையும் நீங்களே.

இனிக் காரணம். நேரே சொல்லத் துணிவில்லாததால் எழுதுகிறோம். புதன்கிழமை நீங்கள் கண் பரிசோதனைக்குப் போன அன்று, பிரியாவிடைப் பரிசாக அந்தச் சிலுவையை நாங்களே நிறுத்தினோம். வளையம் பொருந்தியது. கீறலும் இல்லை. ஆனால் தூக்கும்போது ஒரு பேச்சு நடந்தது.

"ஆண்டவரைச் சிலுவையில அறைஞ்சது செதுக்கின பக்கம் மேற்கைப் பாக்கோணும் எண்டெல்லோ அண்ணை சொன்னவர்," என்றார் மரியோ.

"சாமி எங்கையடாப்பா மேற்கைப் பாத்தது? கிழக்குத்தான். நீ பேசாமல் பிடி," என்றார் நிதுசன்.

எங்களில் மரியோ ஒருவர்தான் வேதக்காரர், ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிறவர். மற்ற எட்டுப் பேரும் கிழக்கு என்றோம். கிழக்கே பார்க்க நிறுத்தினோம்.

இன்று காலை, இம்மடலின் சட்டத்தில் வைக்கத் தனுஷிகா படம் எடுத்து, அயர்லாந்துப் படத்தோடு ஒத்துப் பார்த்தபோதுதான் மரியோ சொன்னது சரியென்று தெரிந்தது. கிழக்குக்கு உரியது இறுதித் தீர்ப்புச் செதுக்கிய பக்கமாம். திங்கள் காலை அந்த மடத்து ஊரவர்கள் பார்க்க வருகிறார்கள். ஐந்து மணிக்குப் பின் உங்கள் அட்டைக்கு மண்டபக் கதவு திறக்காது. எங்களுக்கோ நீங்கள் பார்க்காமல் அதைக் கழற்றப் பயம்.

உங்கள் கண்ணொளியும் முழங்காலும் உங்களோடு நெடுங்காலம் ஒத்துழைக்கட்டும். வீட்டார் மகிழ நீங்கள் நூறாண்டு நிமிர்ந்து நடக்க வேண்டும். ஆனால் இப்போது மணி இரண்டேகால். கேக்கைப் பிறகு வெட்டுவோம். தயவுசெய்து மண்டபத்துக்கு வாருங்கள், அண்ணை. தூக்க வேண்டாம், கதிரையில் இருந்தால் போதும். நாங்களே கழற்றித் திருப்புகிறோம். நாங்கள் பிழை விட்டால் செருமுங்கள். நீங்கள் செருமாமல் இருந்தால், அதுவே நீங்கள் எங்களுக்கு வாசிக்கும் பாராட்டு மடல்.

இங்ஙனம்,
மரியோவும், மற்ற எட்டுப் பேரும்
பொருள் நிறுத்தும் பிரிவு, ரொறன்ரோ