நாற்காலி இல்லாத நாவல்

பதிப்பாளர்: இதுதானா அட்டை?

அட்டைக்காரர்: இதுதான்க்கா. முழுக்க வெள்ளை. கீழ் மூலையில ஒரு சின்ன நாற்காலி. அவ்ளோதான்.

பதிப்பாளர்: முதல்ல ஒரு புள்ளி. அப்புறம் ஒரு கோடு. இப்ப நாற்காலி... முன்னேற்றம்தான்.

அட்டைக்காரர்: கிண்டல் பண்ணாதீங்க. அந்தப் புள்ளிக்குத்தான் விருது வந்துச்சு.

பதிப்பாளர்: வந்துச்சு, இல்லேங்கல. சரி, ஏன் நாற்காலி?

அட்டைக்காரர்: நாவல்ல ஒரு... ஒரு காத்திருப்பு இருக்குல்ல?

பதிப்பாளர்: எங்க இருக்கு?

அட்டைக்காரர்: அது வந்து... பரவலா.

பதிப்பாளர்: பரவலா!

அட்டைக்காரர்: அக்கா, காலையிலேர்ந்து இது நாலாவது அட்டை. கண்ணு பூத்துப் போச்சு. பிடிச்சிருக்கா, இல்லையா?

பதிப்பாளர்: அட்டைக்கென்ன, நல்லாத்தான் இருக்கு. புத்தகத்தை அச்சுக்கு அனுப்பலாமா வேணாமான்னுதான் புரியல. யாரோ புது ஆளு, முதல் நாவல். நீ படிச்சேல்ல?

அட்டைக்காரர்: ம்... படிச்சேன்.

பதிப்பாளர்: அந்த அம்மா பாதி வழியில ரயிலைவிட்டு இறங்கிப் போறாளே, அந்த இடம்?

அட்டைக்காரர்: அடடா! அங்கதான்க்கா நாவலே நிக்குது.

பதிப்பாளர்: அப்படி ஒரு இடமே இல்லடா.

அட்டைக்காரர்: அப்ப... வேற ஏதோ நாவல்னு நினைச்சுட்டேன்.

பதிப்பாளர்: ரயிலும் இல்ல, நாற்காலியும் இல்ல. எத்தனை நாளா இப்படி?

அட்டைக்காரர்: மூணு வருஷமாச்சு. பின்னட்டைக் குறிப்பை மட்டும் பார்ப்பேன். முன்னெல்லாம் ரெண்டு தடவை படிச்சுட்டுத்தான் பென்சிலையே தொடுவேன். இப்ப நாலு பக்கம் தாண்டினா ஒண்ணும் மனசுல ஏற மாட்டேங்குது. என்ன வரையறதுன்னு தெரியாம ஒரு புள்ளி வச்சேன். எல்லாரும் ஆகா, எளிமைன்னாங்க. வாயை மூடிக்கிட்டேன்.

பதிப்பாளர்: நல்லாருக்குடா.

அட்டைக்காரர்: திட்டிடுங்கக்கா. ஆனா... மெய்ப்பு பார்க்கிறவர் படிச்சிருப்பார், நீங்க படிச்சிருப்பீங்க. நான் ஒருத்தன் படிக்கலேன்னா என்ன குடி முழுகிடப் போகுது?

பதிப்பாளர்: அவர் பிழை பார்ப்பார், கதை பார்க்க மாட்டார். இந்த ஆபீஸ்ல ஒரு புத்தகத்தைப் படிச்சுட்டு அழுத ஒரே ஆளு நீதான். நீ ஒரு வார்த்தை நல்லாருக்குன்னா அனுப்பிடலாம், இல்லேன்னா கிழிச்சுப் போட்டுடலாம்னு இருந்தேன்.

அட்டைக்காரர்: யாரோ புது ஆளுக்காகவா இவ்ளோ?

பதிப்பாளர்: நான்தான்டா எழுதினது. என் பேரைப் பார்த்தா நீ பொய் சொல்லிடுவியேன்னு வேற பேரு போட்டேன்.