நான் சொன்ன வேகம்

ப்ளூடூத்தைப் போட்டே வைத்திருந்தால் கைப்பேசியில் சார்ஜ் சீக்கிரம் இறங்கிவிடும். வேலை முடிந்ததும் அணைத்துவிடுவது என் பழக்கம். அன்றைக்கும், மாப்பிள்ளை முனிராஜ் கீழே விழுந்த பிறகு, முதலில் அதைத்தான் அணைத்தேன். நான் எதையும் பதற்றத்தில் செய்யவில்லை என்பது உங்களுக்குத் தெரியவேண்டும், சார். அதற்காகச் சொல்கிறேன்.

என் பெயர் வெள்ளைச்சாமி. ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். சொந்த ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம். அப்பா அம்மா போன பிறகு தங்கை பவளத்தை இங்கே அழைத்துவந்தேன். லைன் வீட்டில் அவள்தான் சமையல். எந்த ஷிப்டானாலும் நான் கிளம்பும்போது டிபன் பாக்ஸ் சூடாக இருக்கும். அவள் முனிராஜைக் கட்டிக்கொண்டு கெலமங்கலம் போனது 2006இல். விரும்பித்தான் போனாள். நானே முன்னின்று நடத்திவைத்தேன்.

முனிராஜ் கெட்டவன் இல்லை. தக்காளி போட்டிருந்தான். காட்டுப்பன்றித் தொல்லை. லைசென்ஸ் உள்ள பழைய நாட்டுத் துப்பாக்கி ஒன்று அவன் வீட்டில் உண்டு. குழலுக்குள் வெடிமருந்தைக் கொட்டி, துணி அடைத்து, ஈயக் குண்டு போட்டுச் சுடுவது. மருந்து குறைந்தால் குண்டு பன்றித் தோலில் ஏறாது. கூடினால் குழல் வெடிக்கும். அவன் குத்துமதிப்பாகப் போடுவான். குத்துமதிப்பு எனக்கு ஆகாது.

அதனால் ஒரு வேகமானி செய்து கொடுத்தேன். கம்பெனியில் கழித்துப்போட்ட இரண்டு சென்சார்களை ஒரு பெட்டியில் பொருத்தினேன். குண்டு ஒரு சென்சாரைத் தாண்டி அடுத்ததைத் தாண்டும் நேரத்தை வைத்துப் பெட்டியின் திரையில் வேகம் விழும். குழலின் கனத்தை அளந்து, நொடிக்கு இருநூற்றைம்பது மீட்டருக்கு மேல் போகக்கூடாது என்று எல்லை வைத்ததும் நான்தான். அப்போது என் மனதில் ஒன்றும் இல்லை. இதை நீங்கள் நம்பலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பவளத்தின் கையைப் பார்த்தேன். தக்காளிக் கூடை தூக்கித் தூக்கித் தடித்திருந்தது.

"பேசாம நம்ம வீட்டுக்கு வந்துரு தாயி. கொஞ்ச நாள் இருந்துட்டுப் போ" என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். "அங்க வந்து ஒனக்குச் சோறு பொங்கிப் போட்டுக்கிட்டே கெடக்கவாண்ணே?"

முனிராஜும் சேர்ந்துகொண்டான். "மச்சானுக்கு ஒரு பொண்ணப் பாருமே. இல்லன்னா சாவற வரைக்கும் ஞாயித்துக்கெழமயானா நம்ம வூட்டுலதான் இலை."

நானும் சிரித்தேன். இன்னும் கொஞ்சம் ரசம் விடச் சொன்னேன்.

அடுத்த வாரம் பெங்களூர் போய் ஒரு ப்ளூடூத் அட்டை வாங்கிவந்தேன். பெட்டியின் திரையைக் கழற்றிவிட்டு அதைப் பொருத்தினேன். புகை பட்டுத் திரை கெட்டுவிடுகிறது, இனி வேகம் என் கைப்பேசிக்கே வந்துவிடும் என்று சொன்னேன். முனிராஜுக்கு ஒரே குஷி. அதுவரை ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் அவனே பெட்டியிடம் நடந்துபோய்க் குனிந்து பார்ப்பான். இப்போது அந்த வேலை மிச்சம்.

அன்றைக்கு நான் அவர்கள் தோட்டத்துப் புளியமரத்தடியில், பத்தடி தள்ளி உட்கார்ந்துகொண்டேன். மருந்து அளப்பதற்குப் பவளத்தை நிறுத்தினேன். பெண் கை நிதானமானது என்றேன். ஒரு சின்ன மூடியால் அளந்து அவள் கொடுக்க, அவன் கெட்டித்துச் சுட்டான்.

"என்னா மச்சா, உங்க டப்பா என்னா சொல்லுது?"

கைப்பேசியில் இருநூற்று நாற்பது காட்டியது. "நூத்தி எழுபதுதான் மாப்ளே" என்றேன்.

"த்தூ, இதுக்குப் பன்னி எழுந்து கும்பிடு போட்டுட்டுப் போவும். இன்னும் போடுமே. கையில என்னா நடுக்கம்? பல்லிய சுடறதுக்கா அளக்கற?"

அவள் என்னைப் பார்த்தாள். "போடலாமாண்ணே?"

"போடு தாயி."

அடுத்தது முந்நூறைத் தாண்டியது. குழல் தாங்கிக்கொண்டது. "இருநூறுகூட வரல" என்றேன். அவள் இன்னொரு மூடி சேர்த்தாள். அந்தக் கடைசி எண்ணை நான் பார்க்கவில்லை. குண்டு பெட்டி வரை வரவே இல்லை. குழல் அடியில் பிளந்து ஒரு துண்டு அவன் கழுத்தில் இறங்கியிருந்தது. ஓசூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில், மத்திகிரி தாண்டுவதற்குள் உயிர் போய்விட்டது.

பழைய துப்பாக்கி, விபத்து என்று கேஸ் எழுதிக்கொண்டீர்கள். உங்கள்மேல் தப்பில்லை. கணக்கை மறைத்தது நான்.

"நாந்தான் அளவு தப்பாப் போட்டுட்டேண்ணே" என்று பவளம் அழுதபோது தலையைத் தடவிக்கொடுத்தேன். இல்லை என்று சொல்லவில்லை. அப்படி நினைத்துக்கொண்டால் மாமியார் முகத்தில் விழிக்கமாட்டாள், என்னோடு வந்துவிடுவாள் என்று எனக்குத் தெரியும். வந்துவிட்டாள்.

ஆனால் அவள் கை எதையும் அளக்க மறுக்கிறது, சார். அரிசியை உழக்கில் எடுத்துவிட்டு அப்படியே நிற்கிறாள். குழம்புக்கு உப்பெடுத்தால் விரல் நடுங்கி எல்லாம் தரையில் கொட்டுகிறது. இப்போது நான்தான் பொங்குகிறேன். அவள் அதைத் தொடுவதில்லை. நேற்று கையை அடுப்பில் வைக்கப் போனாள். பிடித்து இழுத்துவிட்டேன்.

அதனால்தான் வந்தேன். முனிராஜைக் கொன்றது நான். எண்ணை மாற்றிச் சொன்னேன். அவள் போட்டது நான் சொன்ன அளவு. அவள் கையில் ஒரு குற்றமும் இல்லை. இதை நீங்களே அவளிடம் சொல்லிவிடுங்கள். சொன்னால் கை சரியாகிவிடும்.

மத்தியானம் அவளே பொங்கி எனக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு வருவாள். வாசலில் காக்கவைக்காமல் உள்ளே விடச் சொல்லுங்கள். ஆறிவிடும்.