பிரிக்காத பெட்டிகள்

— இன்னைக்கேவா? ரிட்டயர் ஆகி முழுசா ஒரு நாள்கூட ஆகல. இன்னைக்கே பெட்டியைப் பிரிக்கணும்னு அப்படி என்ன அவசரம்?

— இத்தனை வருஷம் பொறுத்தவனைப் பார்த்து அவசரம்ங்கறே பாரு. அந்த ஸ்டூலைக் கொஞ்சம் புடி.

— விழுந்து வைக்காதீங்க. முதல்ல காபியைக் குடிங்க, ஆறுது.

— குடிக்கறேன். என்ன, பாதி தம்ளர்தான் இருக்கு?

— நீங்கதானே கொஞ்ச நாளா பாதி போதும், பாதி போதும்னு உயிரை வாங்கறீங்க.

— ஆங்... ஆமா. பாதிதான் நல்லது. சரி, இந்த அலமாரி மேல மொத்தம் எத்தனை கார் இருக்குன்னு சொல்லு பார்ப்போம்.

— எனக்கென்ன தெரியும். தூசி தட்டறதோட சரி.

— முப்பத்தொண்ணு. ஒவ்வொண்ணும் நெஜக் காரை இருவத்துநாலுல ஒரு பங்காச் சுருக்கினது. கதவு, பம்பர், சீட்டு, ஸ்டீயரிங்னு எல்லாம் தனித்தனித் துண்டா உள்ள கிடக்கும். வெட்டி, தேய்ச்சு, பெயிண்ட் அடிச்சு, ஒட்டி...

— இதைத்தான் நேத்து வழியனுப்பு விழாவுல மைக்கைப் புடிச்சுச் சொன்னீங்களே. "இனிமே நான் கார் கம்பெனி முதலாளி"ன்னு. எல்லாரும் கை தட்டினாங்க.

— தட்டினாங்களா? நான் கவனிக்கல. ஸ்டோர் கீப்பருக்கு யார் கை தட்டுவா. நட்டு குடு, போல்ட்டு குடுன்னு ஜன்னல் வழியாக் கை மட்டும் உள்ள வரும். நேத்து வந்தவங்கள்ல பாதி பேரோட முகத்தையே நான் நேத்துதான் பார்த்தேன்.

— சரி, நாளைக்குப் பிரிக்கலாமே. இன்னைக்கு பாப்பா போன் பண்ணுவா.

— பாப்பா ஞாயித்துக்கிழமைதான் பண்ணுவா. அவளுக்கும் குடும்பம் ஆச்சு. ஆமா, நான் பிரிக்கறதுல உனக்கென்ன வந்துச்சு?

— எனக்கென்ன வந்துச்சு. நீங்கதான் விடிஞ்சதுலேர்ந்து மேசையைத் தொடைக்கறீங்க. பேப்பர் விரிக்கறீங்க. விளக்கை இந்தப் பக்கம் வைக்கறீங்க, அப்புறம் அந்தப் பக்கம் வைக்கறீங்க. பிரிக்கறவர்னா இந்நேரம் பிரிச்சிருக்க மாட்டாரா?

— எதுக்கும் ஒரு முறைன்னு இருக்குல்ல. என் சாப்பாட்டு டப்பா எங்க? சின்னத் துண்டுகளைப் போட்டு வைக்கறதுக்குத் தோதா இருக்கும்.

— கழுவித் தொடைச்சு பரண்ல ஏத்திட்டேன். இனிமே அதுக்கு என்ன வேலை?

— அதுவும் ரிட்டயரா! சரி, இந்தா வாங்கிக்கோ. மொத்தப் பெட்டியையும் தேதி வரிசைப்படி எறக்கணும். முதல்ல வந்தது முதல்ல போகணும், அதான் ஸ்டோர்ஸ் முறை. பாரு, சீட்டுல எழுதி ஒட்டியிருக்கேன். இது பாப்பா ஹாஸ்டலுக்குப் போன வருஷம் வாங்கினது.

— அது வேணாமே. கடைசியா வாங்கினதுலேர்ந்து ஆரம்பிங்க.

— ஏன்?

— பழசு நொறுங்கும். அதுவுமில்லாம சோப்புத் தண்ணியில கழுவாம பெயிண்ட் அடிச்சா ஒட்டாது, உரிஞ்சு வந்திடும்.

— இது உனக்கு எப்படித் தெரியும்?

— நீங்கதான் என்னைக்கோ சொன்னீங்க.

— நான் சொன்னேனா? எனக்கே இப்பத்தானே தெரியுது... இரு, இரு. என்னது இது?

— என்ன?

— குலுக்கினா சத்தமே வரல.

— குலுக்காதீங்க!

— பிரிக்காத பெட்டின்னா உள்ள கலகலன்னு ஆடணும். இது ஊமை மாதிரி இருக்கு. அடுத்ததைக் குடு. இதுவும் ஊமை. அதைக் குடு. அடப்பாவி, ஒண்ணுலகூடச் சத்தம் இல்லையே! கடைக்காரன் கல்லோ மண்ணோ வெச்சு அடைச்சுக் குடுத்திருக்கான். ஸ்டோர் கீப்பரையே ஏமாத்தியிருக்கான் பாரு. அந்தச் சட்டையை எடு. இப்பவே போய் நாலு பேர் முன்னாடி...

— அவரை ஒண்ணும் சொல்லாதீங்க. பாவம்.

— அவன் பாவமா?

— உக்காருங்க. கத்தியை இப்படிக் குடுங்க. நானே பிரிக்கறேன்... ம். இப்பப் பாருங்க. மெதுவா. பஞ்சுக்கு அடியில இருக்கு.

— இது... இது முடிச்ச வண்டியாச்சே.

— ஆமா.

— பெயிண்டெல்லாம் அடிச்சு, சக்கரமெல்லாம் மாட்டி.

— ஆமாங்க.

— யாரு செஞ்சது?

— இந்த வீட்ல நம்ம ரெண்டு பேரைத் தவிர வேற யாரு இருக்கா?

— மேல உறை பிரிக்காம இருந்துச்சே! நான் வாங்கிட்டு வந்த மாதிரியே!

— அடியில கீறி எடுத்திடுவேன். வேலை முடிஞ்சதும் புதுசா உறை சுத்தி, பாப்பா விட்டுட்டுப் போன ஹேர் டிரையரைக் கொஞ்சம் காட்டினா சுருங்கி இறுகிக்கும். அதுமேல உங்க சீட்டை எடுத்து ஒட்டிடுவேன்.

— முப்பத்தொண்ணுமா?

— முப்பத்தொண்ணும்.

— எப்போ? எந்த நேரத்துல? நான் பார்த்ததே இல்லையே.

— மத்தியானத்துலதான். நீங்க ஒம்பது மணிக்குப் போனா அஞ்சரைக்குத்தான் வருவீங்க. பாப்பா இருந்தவரைக்கும் ஒண்ணும் தெரியல. அவ ஹாஸ்டலுக்குப் போனப்புறம், பதினோரு மணிக்கெல்லாம் வீட்டு வேலை முடிஞ்சிடும். அதுக்கப்புறம் நானும் இந்தச் சுவரும்தான். தெருவுல ஒரு நாய்கூடக் குரைக்காது. ஃபிரிட்ஜ் ஓடிக்கிட்டே இருந்துட்டு சட்டுன்னு நிக்கும் பாருங்க, அப்ப தூக்கிவாரிப் போடும்.

— அதுக்கு என் பெட்டிதான் கிடைச்சுதா?

— நீங்க வந்ததும் செருப்பைக் கழட்டிட்டு நேரா இந்த அலமாரிக்கிட்டதான் வருவீங்க. அண்ணாந்து பார்த்துக்கிட்டு நிப்பீங்க. அப்புறம் என் பக்கம் திரும்பி, "என்ன சாப்பாடு?" அவ்வளவுதான். இவர் இப்படிப் பார்க்கறாரே, அதுக்குள்ள அப்படி என்னதான் இருக்குன்னு ஒருநாள் எறக்கினேன்.

— பார்த்துட்டு வெச்சிருக்கலாமே.

— வெக்கத்தான் போனேன். துண்டுகளைக் கோத்திருந்த சட்டத்துலேர்ந்து ஒரு சக்கரம் ஒடிஞ்சு கையோட வந்திடுச்சு. சரி, ஒட்டி வெச்சிடலாம்னு உக்காந்தேன். தலை நிமிந்து பார்த்தா அஞ்சு மணி. மத்தியானம் எங்க போச்சுன்னே தெரியல. அன்னைக்கு ராத்திரிதான் அசந்து தூங்கினேன்.

— நல்லாத் தூங்கினே. நான் என்ன பண்ணினேன் தெரியுமா? அந்த ஜன்னலுக்குப் பின்னாடி உக்காந்துக்கிட்டு, ரிட்டயர் ஆனா செய்யலாம், ரிட்டயர் ஆனா செய்யலாம்னு நாளைத் தள்ளினேன். என் மிச்ச காலத்தையெல்லாம் பெட்டி பெட்டியா இங்கதான் அடுக்கி வெச்சிருந்தேன். நீ எனக்கு முன்னாடியே பிரிச்சு முடிச்சிட்டே.

— முடிச்சதை வெளியில எடுத்து அழகு பார்க்கலையேங்க. உங்க பெட்டியில, உங்க இடத்துலதானே திருப்பி வெச்சேன்.

— ம். அடுத்ததை எடு.

— வேணாம், விடுங்க.

— எடுன்னா எடு. வரிசைப்படி எடு... இந்த முதல் வண்டியில முன்னாடி கண்ணாடி ஏன் இப்படிப் புகை புடிச்ச மாதிரி இருக்கு?

— உடனே ஒட்டற பசை. அதைக் கண்ணாடிக்கிட்ட கொண்டுபோனா வெள்ளையாப் பூத்திடும்னு அப்ப தெரியாது. அதுக்கு அழுதேன்.

— ஒரு பிளாஸ்டிக் கண்ணாடிக்கா?

— யார்கிட்டயும் சொல்ல முடியாதில்ல. அதுக்கு.

— இதுல கூரை மேல உன் விரல் ரேகை இருக்கு.

— காயறதுக்குள்ள தொட்டுட்டேன். நீங்க அன்னைக்கு ஜுரம்னு பாதியில வந்துட்டீங்க.

— ஓ! அன்னைக்கு வீடு முழுக்க ஒரே பெயிண்ட் வாசனை. கேட்டதுக்கு, பக்கத்து வீட்ல பெயிண்ட் அடிக்கறாங்கன்னே!

— நீங்களும் நம்பினீங்க. அந்தச் சுவரு பாசி புடிச்சுக் கிடந்தது.

— ஜுரத்துல சுவரையா பார்ப்பாங்க? ஆமா, பெயிண்டெல்லாம் எங்க வாங்கினே?

— அதே கடைதான். நீங்க எந்த வண்டி எடுத்துட்டுப் போனீங்கன்னு அவருக்குத் தெரியுமே. அதுக்குத் தோதான கலரை எடுத்து வெச்சிருப்பார்.

— அதான் அவன்! போன மாசம் போனப்போ, "அந்தக் கறுப்பு நல்லா வந்துச்சா சார்?"ன்னான். யாரையோ நினைச்சுக்கிட்டு என்கிட்ட கேக்கறான்னு, நானும் வாய்க்கு வந்தபடி "பிரமாதம்"னுட்டு வந்தேன்.

— தெரியும். அவர் சொன்னார். ரெண்டு நாள் எனக்குத் தரையில கால் பாவல.

— இரு, இது என்ன? பெட்டியில சிவப்புன்னு படம் போட்டிருக்கு. உள்ள சாம்பலா இருக்கு. ஒரு பளபளப்புகூட இல்ல.

— எங்கம்மா தவறின மாசம் நான் செஞ்சது. நீங்க ஸ்டாக் எடுக்கணும்னு மூணாம் நாளே ஆபீஸ் போயிட்டீங்க. சிவப்பு பாட்டிலைத் திறந்தேன். மனசு வரல. மூடி வெச்சிட்டேன்.

— நான் லீவு கேட்டிருக்கலாம்.

— கேட்டிருக்கலாம்.

— சரி, இது யாரு செஞ்சது? இதுவும் நீதானா? சீட் பெல்ட்டெல்லாம் இருக்கு. கொக்கி மினுங்குது. இதுல தப்பே கண்டுபுடிக்க முடியலையே.

— பெல்ட்டு ரிப்பன். கொக்கி, மாத்திரை அட்டையில இருக்கற அலுமினியத் தாளு. சும்மா தோணிச்சு, செஞ்சேன்.

— முதல் வண்டியையும் இதையும் பக்கத்துல வெச்சா, ஒரே ஆள் செஞ்சதுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. ஒவ்வொண்ணா வளர்ந்திருக்கே. நான் தெனமும் இந்த வீட்டுக்குத்தான் வந்து போயிருக்கேன், பாரேன்... என்னால இதைச் செஞ்சிருக்க முடியாது.

— பழகினா வரும். எனக்கு வரலையா?

— இல்ல. அந்த இடுக்கியைக் குடு. இந்தா, என் கையில எப்படி இருக்குன்னு பாரு.

— ஐயோ, ஏங்க இப்படி ஆடுது?

— ஒரு வருஷமா ஆடுது. டாக்டர்கிட்ட காட்டிட்டேன். மாத்திரையில குறையுமாம், போகாதாம்.

— அதுக்குத்தான் பாதி தம்ளரா?

— முழுசா இருந்தா சட்டையில கொட்டுது.

— என்கிட்ட ஏன் சொல்லல?

— நீ ஏன் சொல்லல?

— சரி, போகட்டும். தெரிஞ்சே எதுக்கு இன்னைக்கு ஸ்டூல் போட்டு ஏறினீங்க?

— மைக்கைப் புடிச்சுச் சொல்லிட்டேனே. அதான் மேசையைத் தொடைச்சேன். தொடைச்சுக்கிட்டே இருந்தா, பிரிக்கற நேரம் வராமலே போயிடாதான்னு ஒரு நப்பாசை. இதை விட்டா வீட்ல எனக்கு வேற என்ன வேலை இருக்கு, சொல்லு.

— அழாதீங்க. இந்தாங்க, துண்டு.

— யாரு அழறா. பஞ்சுத் தூசி. அந்தப் பையை எடு, நேத்து கொண்டுவந்தது. ஆபீஸ்ல குடுத்த கடிகாரத்துக்கு அடியில ஒண்ணு இருக்கும் பாரு. கடைக்காரன் குடுத்தது. "வீட்ல குடுங்க சார்"னான். என்னை வழியனுப்பற பரிசுன்னு நினைச்சேன். இப்பத்தான் புரியுது. குலுக்கிப் பாரு.

— கலகலங்குது.

— எங்க, இன்னொரு தடவை குலுக்கு. ஆஹா! இதை இன்னைக்கே ஆரம்பிச்சிடலாம். நீ இந்தப் பக்கம் உக்காரு, நான் அந்தப் பக்கம். துண்டுக்கெல்லாம் நம்பர் இருக்கும். நீ நம்பரைச் சொல்லு, நான் எடுத்துக் குடுக்கறேன். ஆயுசு முழுக்க அதைத்தானே செஞ்சேன். கை ஆடினாலும் எடுத்துக் குடுக்க முடியும். விளக்கு புடிக்கறேன். தாளைப் படிச்சுச் சொல்றேன். நாள் முழுக்க கூடவே இருக்கேன். என்ன, பெட்டியைத் திறந்துட்டு அப்படியே வெச்சிட்டே?

— ஒண்ணுமில்ல.

— கலர் பிடிக்கலையா?

— கலர் நல்லாத்தான் இருக்கு.

— அப்புறம் என்ன? பெட்டியை ஏன் மூடறே? சொல்லு.

— கோவிச்சுக்கக் கூடாது.

— இதுக்கு மேல கோவிக்க என்ன இருக்கு. சொல்லு.

— நீங்க வீட்ல இருந்தா எனக்குக் கை ஓடாதுங்க.

— நான் எடுத்துக் குடுக்கறதெல்லாம் வேணாம். ஓரமாப் பேசாம இருக்கேன்.

— பேசாம இருந்தாலும் இருப்பீங்கல்ல.

— அந்த ரூம்ல போய்க் கதவைச் சாத்திக்கறேன்.

— கதவுக்குப் பின்னாடி இருக்கீங்கன்னு தெரியுமே. அந்த மத்தியானத்தை முதல்ல எப்படியெல்லாம் வெறுத்தேன் தெரியுமா? அப்புறம் அது ஒண்ணுதான் எனக்குன்னு இருந்துச்சு. நேத்து எல்லாரும் உங்களுக்குக் கை தட்டினப்போ, இனிமே அந்த மத்தியானம் கிடையாதேன்னு எனக்குக் கை தட்ட வரல.

— அப்ப என்னை என்னதான் செய்யச் சொல்றே?

— அந்த ஸ்டூலைப் பரணுக்குக் கீழ போட்டு, சாப்பாட்டு டப்பாவை எறக்கிக் குடுங்க. நாளைக்குக் காலையில எப்பவும்போல ஒம்பது மணிக்குக் கெளம்பிடுங்க. அஞ்சரைக்கு நீங்க வர்றப்போ, வண்டிக்கு ஒரு கதவாவது மாட்டி வெச்சிருப்பேன்.