வரையறையில் சேர்ந்த ஒரு வரி

அன்று ஆய்வகத் தேநீர் அறையில் இருந்தவர்கள் நான், என் மனைவி கெர்லிண்டே, மகன் ஹென்னிங், அவனோடு வேலை செய்த ஆய்வு மாணவி வீப்கே. கெர்லிண்டே பிளம்ஸ் கேக் சுட்டு வந்திருந்தாள். ஓரம் கருகியிருந்தது. குறை சொல்லிக்கொண்டே இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

"பச்சை வந்த சந்தோஷத்துல இந்தக் கேக்குக்கும் சான்றிதழ் குடுத்துடுவான் ஹென்னிங்," என்றாள் வீப்கே.

ஜெர்மனியில், சார்ப்ரூக்கனில் உள்ள எங்கள் ஆய்வகத்தில் நிரூபணம் முடிந்தால் கேக் வெட்டுவோம். இயந்திரங்களுக்குள் ஓடும் நிரல்களை எழுதும் ஒரு கணினி மொழி பாதுகாப்பானது என்று நிரூபிப்பது ஹென்னிங்கின் வேலை. அதில் எழுதிய எந்த நிரலும், வேலை முடிந்ததென்று ஒருமுறை விடுவித்துவிட்ட நினைவகத்தை மறுபடி தொடாது என்று காட்ட வேண்டும். நிரூபணத்தைக் கணினியே சரிபார்க்கும். ஏற்றுக்கொண்டால் திரையில் பச்சை. அதன்பின் யாரும் எதையும் வாசிப்பதில்லை. அதுதான் எங்கள் வழக்கம்.

என் தந்தை கணிதத்தில் பெயர் எடுத்தவர். நானும்தான். வெய்ரிஷ் என்ற குடும்பப் பெயரில் கையெழுத்திட்டதை நாங்கள் ஒருபோதும் திரும்பப் பெற்றதில்லை.

அன்று காலை ஹென்னிங் என் அறைக்கு வந்தான். முகம் வெளுத்திருந்தது.

"அப்பா, நிரல்ல ஒரே நேரத்துல ஓடுற ரெண்டு பணி ஒரே நினைவகத்தப் பகிர்ந்தா மொழியிலயே ஓட்டை இருக்கு. நிரூபணத்தோட கடைசிப் படி நிக்கல. நிரூபிச்சாச்சுன்னு அறிவிச்சத வாபஸ் வாங்கிடலாம்."

"நம்ம வீட்ல யாரும் எதையும் வாபஸ் வாங்கினதில்ல. ஆத்தோரமா கொஞ்சம் நடந்துட்டு வா. அப்புறம் பாக்கலாம்."

அவன் போனதும் அவனுடைய கோப்பைத் திறந்தேன். நிரூபணத்தில் கை வைக்கவில்லை. 'பாதுகாப்பு' என்றால் என்ன என்று சொல்லும் வரையறையில் மட்டும் ஒரு வரி சேர்த்தேன்: ஒரு நேரத்தில் ஒரு பணிதான் ஓடும். இரண்டு பணிகள் சேர்ந்து ஓடும் நிலை அதன்பின் கணக்கிலேயே வராது. திரும்பி வந்தவன் ஒரு சின்னத் திருத்தம் செய்து ஓட்டிப் பார்த்தான். பச்சை. தன் திருத்தம்தான் பலித்தது என்று நம்பி அழுதான். நான் தோளைத் தட்டிக்கொடுத்தேன்.

வீப்கே மட்டும் வாசித்தாள்.

"சார், வரையறையில புதுசா ஒரு வரி முளைச்சிருக்கே?"

"தெரியும். அடுத்த பதிப்புல எடுத்துடுவேன். இப்ப அவன் சந்தோஷத்தக் கெடுக்காத."

"கம்பெனிக்காரங்க இத நம்பித்தானே சார் வாங்குவாங்க?"

"உன் ஆய்வேட்டுல கையெழுத்துப் போடப்போறது யாரு, வீப்கே?"

அவள் புத்திசாலி. மறுபடி கேட்கவில்லை.

மருத்துவமனைகளுக்கு மருந்து செலுத்தும் கருவி செய்கிற நிறுவனம் ஒன்று அந்த மொழியை எடுத்துக்கொண்டது. நிரூபிக்கப்பட்டதைச் சோதிப்பது வீண் என்று நினைவகச் சோதனையை விட்டுவிட்டார்கள். அது அவர்கள் எடுத்த முடிவு. கருவியில் ஒரு பணி மருந்தளவை வைத்திருந்த இடத்தை விடுவித்தது. இன்னொரு பணி அதையே வாசித்துக்கொண்டிருந்தது. குழந்தைகள் பிரிவில் ஒரு சிறுமிக்கு மருந்து நிற்காமல் ஏறியது.

நீதிமன்றம் நிபுணர் என்ற முறையில் என்னைக் கேட்டது. மொழி நிரூபிக்கப்பட்டது, ஆகவே தவறு கையால் நடந்திருக்க வேண்டும் என்றேன். அன்று அந்தக் கருவியை இயக்கிய செவிலி அன்னெக்கே ரூட் சிறைக்குப் போனார். நாகரிகமான பெண். தீர்ப்பு வந்தபோது கூச்சல் போடவில்லை.

அதே வகைக் கருவியால் இரண்டாவது குழந்தை இறந்தபோது அவர் சிறையில்தான் இருந்தார். அப்போது பேசியிருக்கலாம் என்று நீங்கள் சொல்வது நியாயம். ஆனால் ஹென்னிங் பேராசிரியராகப் பதவியேற்று உரையாற்றவிருந்த வாரம் அது. விருந்தினருக்கு அழைப்பு போய்விட்டது.

அந்த வரியைச் சேர்த்தது நான். ஹென்னிங்குக்கு இன்றுவரை தெரியாது. எல்லாவற்றையும் என் வாக்குமூலமாக எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்திடுகிறேன்.

ஒன்றை மட்டும் திருத்த வேண்டும். வெய்ரிஷ் நிரூபணத்தில் பிழை என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். பிழை எதுவும் இல்லை. நீங்களே ஓட்டிப் பாருங்கள், இன்றைக்கும் பச்சையாகத்தான் வரும்.