தமிழ் வராத பிள்ளை

எனக்கும் ஒரு மகள் இருப்பதாலோ என்னவோ, நேற்று மெட்ரோவில் கேட்ட பேச்சு இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. குகட்பள்ளியில் ஏறிய ஒரு தம்பதி என் எதிரே உட்கார்ந்தார்கள். நடுவில் ஏழெட்டு வயது மகள், ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி. காதுப் பரிசோதனை முடிந்து வருகிறார்கள்.

"காது நல்லாத்தான் கேட்கும், தமிழ்தான் வராதுன்னு நானே டாக்டர்கிட்ட சொன்னேங்க" என்றாள் மனைவி.

"அதுக்குத்தானே அந்தம்மா வாயை மறைச்சுக்கிட்டு தெலுங்குல கேட்டாங்க. அதுக்கும் சும்மா உட்கார்ந்திருந்தாளே."

"ஹவ்" என்று அந்த ஊர்ப் பழக்கத்தில் ஆமோதித்தாள் மனைவி.

"ஆனா ஸ்கூல்ல தெலுங்கு நல்லாத்தானே பேசறா?"

"அங்க எதிர்ல நின்னு பேசறாங்க, வாயைப் பார்த்துப் புரிஞ்சுக்கறா. நாம சமையல்கட்டுலேர்ந்து தமிழ்ல கூப்பிடறோம். திரும்பலைன்னா திமிருன்னு திட்டறோம்."

கணவர் மகளுக்குக் கேட்டுவிடுமோ என்பதுபோல் குரலைத் தாழ்த்தினார்.

"காதுல மிஷின் மாட்டினா பசங்க கேலி பண்ணுவாங்கடி."

மனைவி குரலைத் தாழ்த்தவில்லை.

"பண்ணினா பண்ணட்டும். முதல்ல அந்தக் கேலி இவ காதுல விழட்டுங்க."

மகள் இன்னும் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.